முதிர்ந்த வின்டேஜ் போர்ட்டைத் திறப்பதும் சுவைப்பதும்: டெய்லர்ஸ் 1977

கேள்வி: கயல்விழி

அனைவருக்கும் வணக்கம்.

டெய்லர்ஸ் நிறுவனத்தின் 1977ஆம் ஆண்டு வின்டேஜ் போர்ட் ஒயின் ஒரு பாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. போர்ட் என்பது போர்ச்சுகலில் திராட்சைச் சாராயம் சேர்த்துச் செய்யும் இனிப்பு ஒயின்; வின்டேஜ் என்பது ஒரே நல்ல ஆண்டின் விளைச்சலிலிருந்து செய்து, பாட்டிலில் நெடுங்காலம் முதிர விடும் வகை என்று அறிந்தேன். என் கணவருடன் பணியாற்றிய மூத்த அலுவலர் ஒருவர் ஓய்வு பெற்று வீடு மாறியபோது, தம் நிலவறையில் பல்லாண்டுகளாகப் படுக்க வைத்திருந்த பாட்டில்களுள் ஒன்றை எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். நாங்கள் மான்செஸ்டரில் வசிக்கிறோம். அடுத்த மாதம் வீட்டில் ஒரு சிறு விருந்து இருக்கிறது. அன்று ஆறு பேர் சேர்ந்து இதைத் திறக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

உணவோடு சிவப்பு ஒயின் அருந்தும் வழக்கம் எனக்கு உண்டு. அதன் மணத்தையும் துவர்ப்பையும் ஓரளவு பிரித்தறியவும் பழகியிருக்கிறேன். ஆனால் போர்ட் என்றால், கிறிஸ்துமஸ் நாட்களில் கடைகளில் குவித்து வைத்திருக்கும் ரூபி என்னும் இளம் வகையை மட்டுமே அறிவேன். அது மிகவும் இனிப்பாகவும், தொண்டையில் இறங்கும்போது எரிச்சலாகவும் இருந்தது. அந்தப் பழக்கத்தோடு இவ்வளவு முதிர்ந்த ஒன்றை அணுகினால் அதன் அருமை தெரியாமலே போய்விடுமோ என்ற கவலை இருக்கிறது.

பாட்டிலின் கண்ணாடி ஏறக்குறைய கறுப்பு நிறம். லேபிளின் ஒரு மூலை ஈரத்தில் கறுத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் யாரோ தூரிகையால் வெள்ளைச் சாயத்தை ஒரே இழுப்பாக இழுத்ததுபோல் ஒரு பட்டை தெரிகிறது. பின்னால் விளக்கை வைத்துப் பார்த்தால், நிமிர்த்திய நிலையில் ஒயினின் மட்டம் கழுத்தின் அடியில் நிற்கிறது. இவை நல்ல அறிகுறிகளா? திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் காற்றாட விட வேண்டும், சுவைக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: நிலவறை

கயல்விழி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் விவரித்தவை எல்லாமே நம்பிக்கை தரும் அறிகுறிகள். இந்த வயதுள்ள பாட்டிலில் மட்டம் கழுத்தின் அடியில் நிற்பது இயல்பானது; தோள்பட்டையின் நடுப்பகுதிக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் தக்கை வழியாகக் காற்று அதிகம் புகுந்திருக்குமோ என்று ஐயப்பட வேண்டும். லேபிளின் ஈரக்கறை குறையே அல்ல. நிலவறையில் போதிய ஈரப்பதம் இருந்தது, தக்கை உலர்ந்து சுருங்கியிருக்க வாய்ப்புக் குறைவு என்பதற்கு அதுவே சான்று.

அந்த வெள்ளைப் பட்டை ஒரு பழைய மரபு. பாட்டிலைப் படுக்க வைத்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதை அது காட்டும். வின்டேஜ் போர்ட்டை வடிகட்டாமலே பாட்டிலில் அடைக்கிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, அதிலுள்ள நிறமிகளும் துவர்ப்பைத் தரும் டானின்களும் ஒன்றோடொன்று பிணைந்து கனமாகி, கீழ்ப்பக்கக் கண்ணாடியில் ஒரு மெல்லிய ஏடாகப் படிந்துவிடுகின்றன. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது பட்டை மேலே இருக்குமாறு வைத்தால் அந்த ஏடு கலையாமல் இருக்கும் என்பதற்காகவே அந்தக் குறி. உங்கள் பாட்டில் காரில் பயணம் செய்து வந்திருப்பதால் ஏடு ஓரளவு உடைந்து ஒயினோடு கலந்திருக்கும். எனவே இன்றே அதை நிமிர்த்தி, குளிர்ந்த, இருண்ட, அதிர்வில்லாத ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். அசையாமல் கிடந்த பாட்டிலுக்கு ஒன்றிரண்டு நாள் நிமிர்ந்து நின்றாலே போதும். பயணப்பட்ட பாட்டிலுக்கு இரண்டு வாரம் கொடுத்தாலும் மிகையில்லை.

தக்கையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வின்டேஜ் போர்ட் பாட்டிலின் கழுத்து உட்புறம் சற்றே புடைத்திருக்கும். நீளமான தக்கை அந்தப் புடைப்புக்குள் விரிந்து உட்கார்ந்துவிடுவதால், பழையதாகும்போது சாதாரணத் திருகால் இழுத்தால் நடுவில் முறிந்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் இருபுறமும் செருகித் திருகியபடி மேலே தூக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் முறிந்தால் பதற வேண்டியதில்லை. துணி வடிகட்டி துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இதைவிட மிகப் பழைய பாட்டில்களுக்குப் போர்ச்சுகலில் ஓர் அழகான முறை இருக்கிறது. இடுக்கியைச் செந்தழலாகக் காய்ச்சித் தக்கைக்குக் கீழே கழுத்தைச் சிறிது நேரம் கவ்விப் பிடித்து, உடனே ஈரத்துணியால் தொடுவார்கள். கண்ணாடி வளையமாகப் பிளந்து, தக்கையோடு சேர்ந்து தனியே வந்துவிடும். வீட்டில் முயல வேண்டிய வேலை அல்ல. 1977க்கு அது தேவையும் இல்லை.

இனி இறுத்தல், அதாவது ஒயினை வண்டலிலிருந்து பிரித்துக் குடுவைக்கு மாற்றுவது. தக்கையின் மேலுள்ள உறையை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். கழுத்து முழுதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாய்ப்பகுதியில் பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பாட்டிலின் தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தியையோ கைவிளக்கையோ நிறுத்திக்கொள்ளுங்கள். அவ்வளவு கறுத்த கண்ணாடிக்குக் கைவிளக்கே மேல். சுத்தமான கண்ணாடிக் குடுவையின் வாயில் புனலை வைத்து, வெந்நீரில் மட்டும் அலசிய மஸ்லின் துணியை அதில் விரியுங்கள். சோப்பு மணம் துணியில் தங்கினால் ஒயினில் ஏறிவிடும். பிறகு பாட்டிலை நிறுத்தாமல், நிமிர்த்தாமல், ஒரே சீரான ஓட்டமாகச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். முதலில் ஓடுவது மாணிக்கக் கல்லின் தெளிவோடு இருக்கும். பாட்டிலில் கால்வாசிக்கும் குறைவாக எஞ்சும்போது, விளக்கின் ஒளியில் தோள்பட்டையை உற்றுப் பார்த்தால், அடியிலிருந்து மெல்லிய கரும் இழைகள் நீண்டு கழுத்தை நோக்கி நகர்வது தெரியும். அவை கழுத்துக்குள் நுழையும் கணத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். எஞ்சுவது அரைக் கோப்பை அளவு இருக்கலாம். வண்டல் உடலுக்குக் கேடு செய்வதில்லை, ஆனால் நாக்கில் கசந்து மணலாக நெருடும். அதை இறைச்சிக் குழம்பில் சேர்த்துவிட்டால் வீணாகாது.

வெப்பநிலை 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். காற்றாட விடும் நேரத்துக்கு என் பரிந்துரை ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

மறுமொழி: டோருக்கரை

நிலவறை அவர்கள் கைவேலையை முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் சுவையைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் அந்தச் சுவை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் அது பட்டியலாகிவிடும்.

வடக்குப் போர்ச்சுகலில் டோரு ஆற்றின் பள்ளத்தாக்கு, 1756இலேயே அரசாணையால் எல்லை வகுக்கப்பட்ட ஒயின் நிலம். ஏடு ஏடாகப் பிளக்கும் சிஸ்ட் பாறையை உடைத்துப் படிப்படியாக மேடை கட்டி அதில் கொடிகளை வளர்க்கிறார்கள். கோடையில் அங்கே நிற்பதே கடினம். வேர்கள் பாறைப் பிளவுகளுக்குள் ஆழமாக இறங்கித்தான் நீர் தேட வேண்டும். அதனால் பழங்கள் சிறுத்து, தோல் தடித்து, நிறமும் துவர்ப்பும் செறிந்து விளைகின்றன. டூரிகா நசியோனல், டூரிகா ஃபிராங்கா, டின்டா ரோரிஸ் போன்ற பல திராட்சை வகைகளைக் கலந்தே போர்ட் செய்வார்கள். டெய்லர்ஸ் நிறுவனத்தின் வின்டேஜுக்கு முதுகெலும்பாக இருப்பது, பள்ளத்தாக்கின் கிழக்கே உள்ள கின்டா டி வார்ஜெல்லாஸ் என்ற தோட்டம். அங்கே இன்றும் வின்டேஜுக்கான பழங்களை லகார் என்னும் அகன்ற கல்தொட்டிகளில் கொட்டி, ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று காலால் மிதிக்கிறார்கள். மனிதப் பாதம் தோலை நன்றாகப் பிழியும். கசப்பான விதையை உடைக்காது.

சர்க்கரையில் ஏறக்குறைய பாதி நொதித்திருக்கும் நிலையில், 77 விழுக்காடு வலிமையுள்ள திராட்சைச் சாராயத்தை, நான்கு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவில் சேர்க்கிறார்கள். நொதித்தல் அங்கேயே நின்றுவிடுகிறது. எஞ்சிய சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் அளவில் தங்கிவிடுகிறது. மதுவின் வலிமை 20 விழுக்காட்டை ஒட்டி அமைகிறது. இதில் ஒரு விளைவு உண்டு. நொதித்தல் ஓரிரு நாளில் முடிந்துவிடுவதால், அந்தக் குறுகிய நேரத்துக்குள் தோலிலிருந்து நிறத்தையும் டானினையும் வலிந்து எடுத்தாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் இளம் வின்டேஜ் போர்ட் மையைப் போல் கறுத்து, இனிப்பும் துவர்ப்பும் சாராயமும் தனித்தனியாக முட்டிக்கொண்டு நிற்கிறது. அவற்றை ஒன்றாக்குவது காலம் மட்டுமே.

எல்லா ஆண்டும் வின்டேஜ் ஆகிவிடுவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் விளைச்சலைப் பார்த்து அதை வின்டேஜ் ஆண்டு என்று அறிவிக்க வேண்டும். பத்தாண்டுகளில் மூன்று ஆண்டுகள் அமைந்தால் அதுவே நல்ல காலம். 1977இல் கோடை குளிர்ந்திருந்தது; செப்டம்பரில் வெயில் வந்து பழங்களைத் தாமதமாக, ஆனால் முழுமையாகப் பழுக்க வைத்தது. பெரும்பாலான நிறுவனங்கள் அதை அறிவித்தன. 1979இல் பாட்டிலில் அடைத்த பிறகு, அந்த ஒயினுக்குக் காற்றோடு இருந்த தொடர்பு தக்கை வழியே கசியும் துளியளவு மட்டுமே. மரப் பீப்பாயில் நெடுங்காலம் காற்றோடு பழகி முதிரும் டானி வகையில் பாதாம், அக்ரூட், காய்ச்சிய சர்க்கரை மணங்கள் முன்னிற்கும். வின்டேஜ் அப்படி அல்ல. கண்ணாடிக்குள் மூச்சடக்கி முதிர்ந்ததால், பழத்தின் உயிர் கடைசிவரை அதில் இருக்கும். உங்கள் பாட்டிலில் நீங்கள் தேட வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

கோப்பையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். நடுவில் மாதுளைச் சிவப்பு இருக்கும். விளிம்பை நோக்கி வரவர அது செங்கல் நிறமாகி, ஓரத்தில் தேன் நிறமாக வெளிறும். அந்த வெளிறிய விளிம்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு முதிர்ச்சி. நடுப்பகுதியும் பழுப்பாகியிருந்தால் ஒயின் தன் உச்சத்தைத் தாண்டியிருக்கலாம்.

அடுத்து மணம். கோப்பையைச் சுழற்றுவதற்கு முன் ஒரு முறை முகருங்கள். இவ்வளவு வலிமையான மதுவைச் சுழற்றியவுடன் சாராய ஆவிதான் முதலில் மூக்கில் ஏறும். உலர்ந்த அத்தி, பேரீச்சை, உலர் திராட்சை ஆகியவை எளிதில் பிடிபடும். அவற்றுக்குப் பின்னால் உலர்ந்த ரோஜா இதழின் மணம் வரும்; குல்கந்து டப்பாவைத் திறந்த நினைவு நமக்கு உடனே எழும். அதிமதுரம், கறுப்புத் தேநீர், புகையிலை, தேவதாரு மரம், ஆரஞ்சுத் தோல் என்று அடுக்குகள் விரியும். டெய்லர்ஸ் ஒயின்களில் வயலட் மலரின் மணம் ஓர் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவு ஆண்டுக்குப் பின் அது மங்கலாகவே இருக்கும், ஆனாலும் தேடிப் பாருங்கள்.

வாயில் ஊற்றியதும் விழுங்கிவிடாதீர்கள். இனிப்பு முதலில் தெரியும். சர்க்கரை குறையவில்லை என்றாலும் முதிர்ந்த போர்ட்டில் அது இளமையில் இருந்த அளவுக்குத் தெரிவதில்லை. பிறகு புளிப்பு எழுந்து இனிப்பைத் தூக்கி நிறுத்த வேண்டும். அது இல்லையெனில் ஒயின் பாகாகத் தங்கிவிடும். டானின் ஈறுகளில் பட்டுத்துணி உரசுவதுபோல் இருக்க வேண்டும். கடைசியாகச் சாராயம். விழுங்கிய பின் நெஞ்சில் ஒரு வெதுவெதுப்பு பரவ வேண்டும்; தொண்டை எரியக் கூடாது. கிறிஸ்துமஸ் ரூபியில் நீங்கள் உணர்ந்த எரிச்சலுக்கும் இந்த வெதுவெதுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொண்டால், முதிர்ந்த வின்டேஜின் சிறப்பில் பெரும்பகுதியைக் கண்டுகொண்டீர்கள் என்பேன். பழம் வற்றிவிட்ட ஒயினில் சாராயம் மறுபடியும் தனியே தலைதூக்கும். அதுவே இறங்குமுகத்தின் அடையாளம்.

விழுங்கிய பிறகும் பொறுத்திருங்கள். ஒரு நிமிடம் கழிந்த பின்னும் வாயில் புதிய சுவைகள் தோன்றிக்கொண்டிருந்தால், நிலவறையில் காத்திருந்த காலம் பலன் தந்திருக்கிறது என்று பொருள்.

மறுமொழி: முகுந்தன்

நிலவறை அவர்கள் கூறிய நான்கு மணி நேரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முதிர்ந்த ஒயினின் மணம் நுட்பமானது. அரை நூற்றாண்டை நெருங்கும் பாட்டிலில், இறுத்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மிக மென்மையான மலர் மணங்கள் வெளிப்பட்டு, பிறகு கலைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். குடுவைக்கு மாற்றியதே போதுமான காற்று. விருந்தினர் மேசையில் அமரும் நேரத்தில் இறுத்து, இனிப்பு வரும் நேரத்தில் ஊற்றுவது பாதுகாப்பானது. காற்றுப் போதவில்லை என்றால் கோப்பையிலேயே காத்திருக்கலாம். அதிகமாகிவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

1955, 1963 போன்ற ஆண்டுகளின் ஒயின்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அன்றெல்லாம் பெரும்பாலும் பீப்பாயில் இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்குள்ள வணிகர்களே பாட்டிலில் அடைத்தார்கள். ஒரே ஒயின் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். அந்த வழக்கம் 1970ஆம் ஆண்டு வின்டேஜோடு ஏறக்குறைய முடிந்தது. 1977 முழுவதும் போர்ச்சுகலிலேயே அடைக்கப்பட்டது என்பதால் சற்று நம்பிக்கையோடு இருக்கலாம்.

மறுமொழி: நிலவறை

முகுந்தன் அவர்களின் அக்கறை நியாயமானதே. பல ஒயின்களுக்கு அவர் சொல்வதே சரி. ஆனால் டெய்லர்ஸ் எப்போதும் விறைப்பான, டானின் மிகுந்த பாணி. 1977 அதன் விறைப்பான ஆண்டுகளில் ஒன்று. நெடுங்காலம் காற்றில்லாமல் இருந்ததால் திறந்தவுடன் தூசியும் அடைத்துவைத்த அறையும் கலந்த ஒரு மந்தமான வாடை எழுவதுண்டு. அதைப் பார்த்து ஒயின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் அது தானே அகன்றுவிடும். ஈர அட்டைப்பெட்டியின் வாடை மட்டும் நேரம் செல்லச் செல்லக் கூடுமானால், அது தக்கையால் வந்த கெடுதல். அதற்கு மாற்று இல்லை.

கயல்விழி அவர்களே, எங்கள் இருவர் சொல்லையும் நம்பி நேரத்தை முடிவு செய்யாதீர்கள். இறுத்து முடித்தவுடன் ஒரு மடக்கு சுவைத்துப் பாருங்கள். மணம் உடனே விரிந்து, துவர்ப்பு இளகியிருந்தால் குடுவையை மூடி வைத்துவிடுங்கள். மணம் ஒடுங்கி, ஈறு இறுகுவதுபோல் இருந்தால் திறந்தே விடுங்கள்.

கயல்விழி

மிகுந்த நன்றி. பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சுகின்றன. ஸ்டில்டன் பாலாடைக்கட்டி கட்டாயம் வேண்டும் என்கிறார்கள் இங்குள்ள நண்பர்கள். ஒருவர் கறுப்பு சாக்லேட் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேலும், வீட்டில் மிகச் சிறிய லிக்கர் கோப்பைகள் இருக்கின்றன. போர்ட்டுக்கு அவைதான் உரியவையா?

மறுமொழி: டோருக்கரை

லிக்கர் கோப்பையைத் தவிர்த்துவிடுங்கள். மணம் திரள இடமில்லாத பாத்திரத்தில் இந்த ஒயினை ஊற்றினால் பாதியை இழந்துவிடுவோம். வாய் குறுகிய, வயிறு அகன்ற சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையே போதும். போர்ச்சுகலில் போர்ட் ஒயினுக்கான அரசுக் கழகத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஆல்வாரோ சீசா வடிவமைத்த கோப்பை ஒன்று உண்டு. அதன் தண்டில் கட்டைவிரல் பதிய ஒரு சதுரக் குழிவு வைத்திருப்பார். கை ஒயினின் மேல் படாமல், சூடேற்றாமல் பிடிக்க அது உதவுகிறது.

ஸ்டில்டனின் உப்பும் போர்ட்டின் இனிப்பும் இணைவது உண்மையிலேயே அருமையான சேர்க்கை. ஆனால் பத்துப் பதினைந்து வயதுள்ள, உடல் கனத்த போர்ட்டுக்கு அது பொருந்தும் அளவுக்கு 1977க்குப் பொருந்துமா என்று எனக்கு ஐயம் உண்டு. முதல் கோப்பையை எதுவும் இல்லாமல் சுவையுங்கள். இரண்டாம் முறை ஊற்றும்போது பாலாடைக்கட்டியை எடுங்கள். தோல் நீக்கிய அக்ரூட் பருப்பு எப்போதும் இடைஞ்சல் செய்யாது. கறுப்பு சாக்லேட் இளம் போர்ட்டுக்கு நல்ல துணை. முதிர்ந்ததன் மென்மையை அது மூடிவிடும். நண்பரின் மனம் நோகாமல் அதைக் காப்பியோடு பரிமாறலாம்.

மறுமொழி: மணிமாறன், சிங்கப்பூர்

வெப்ப நாடுகளிலிருந்து இந்த உரையாடலைப் படிப்பவர்களுக்காக ஒன்று சேர்க்க விரும்புகிறேன். 16 முதல் 18 டிகிரி என்பது இங்கிலாந்தின் குளிர்ந்த உணவறையில் இயல்பாகக் கிடைக்கும் வெப்பநிலை. இங்கோ சென்னையிலோ அறையில் வைத்து ஊற்றினால் 28 டிகிரிக்கு மேல் இருக்கும்; அந்த வெப்பத்தில் சாராய ஆவி மற்ற எல்லா மணத்தையும் அடித்துவிடும். இறுத்த குடுவையை மூடி, குளிர்பெட்டியில் வைத்து, அந்த வெப்பநிலைக்கு இறங்கியதும் எடுத்தால் சரியாக வரும். அதைவிட முக்கியம், வாங்கும்போது பாட்டில் எங்கே கிடந்தது என்று விசாரிப்பது. வெப்பத்தில் சில கோடைகளைக் கழித்த பாட்டிலில் தக்கை மேலே தள்ளியிருக்கும், உறையின் ஓரத்தில் பிசுபிசுப்பு இருக்கும். ஆண்டும் நிறுவனப் பெயரும் எவ்வளவு புகழ்பெற்றவையாக இருந்தாலும் அத்தகைய பாட்டிலைத் தவிர்ப்பதே நல்லது. நெடுநாள் சேமிப்புக்கு 12, 13 டிகிரியில் ஏற்றத்தாழ்வில்லாத இடம் வேண்டும்.

கயல்விழி

அன்பர்களுக்கு வணக்கம். விருந்து முடிந்தது, நான் குறித்து வைத்தவற்றை எழுதுகிறேன்.

தக்கை நடுவில் விரிசல் விட்டாலும் தகட்டுக் கருவியால் முழுதாகவே வந்தது. பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரும் 1977 என்ற எண்ணும் தெளிவாகப் படிக்க முடிந்தன. மாலை ஐந்து மணிக்கு இறுத்தேன். நிலவறை அவர்கள் சொன்ன கரும் இழைகள் தோள்பட்டையில் திரும்பிக் கழுத்தை நோக்கி நீண்டதைக் கைவிளக்கின் ஒளியில் அப்படியே கண்டேன், அங்கே நிறுத்தினேன். மஸ்லினில் நான்கைந்து மெல்லிய செதில்கள் மட்டுமே தங்கின.

உடனே சுவைத்தபோது மணம் ஒடுங்கி, பழைய மரப்பெட்டியின் உட்புறம்போல் இருந்தது. துவர்ப்பும் இறுக்கமாகத் தெரிந்தது. எனவே குடுவையைத் திறந்தே வைத்தேன். ஏழு மணிக்கு அத்தியும் தேநீரும் வந்துவிட்டன. ஒன்பது மணிக்கு ஊற்றியபோது, கோப்பையைச் சுழற்றாமலே ரோஜா இதழின் மணம் எழுந்தது; எல்லோரும் பேச்சை நிறுத்தி ஒரு முறை மறுபடியும் முகர்ந்தார்கள். இனிப்பு நான் எதிர்பார்த்ததில் பாதிதான். எரிச்சல் அறவே இல்லை. வெதுவெதுப்பு மட்டும் மெதுவாக மார்புவரை இறங்கியது. விழுங்கிய பின் வெகுநேரம் கழித்து அதிமதுரத்தின் சுவை தனியாக வந்தது எனக்குப் பெரும் வியப்பு. வயலட் மணத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் கணவர் உண்டு என்கிறார். ஸ்டில்டனோடு உண்டபோது சுவையாக இருந்தாலும் அந்த மலர் மணம் மறைந்துவிட்டது என்பதில் டோருக்கரை அவர்களோடு உடன்படுகிறேன்.

ஒரு கோப்பை அளவு குடுவையில் எஞ்சியது. மூடி, குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் மாலை சுவைத்தோம். மலர் மணம் பெரிதும் குறைந்து, கொட்டைப்பருப்பும் காய்ச்சிய சர்க்கரையும் கலந்த மணம் முன்வந்திருந்தது. சாராயமும் சற்றே தெரிந்தது. இது கெட்டுப்போனதன் அடையாளமா? இத்தகைய சுவையைத் தொடர்ந்து அறிய விரும்பினால், இவ்வளவு விலைகொடுக்காமல் எதை வாங்கலாம்?

மறுமொழி: முகுந்தன்

நீங்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். அந்த ஒயினுக்கு நான்கு மணி நேரம் தேவைப்பட்டது என்பதை உங்கள் குறிப்பே காட்டுகிறது. டெய்லர்ஸ் 1977 பற்றி நிலவறை அவர்கள் சொன்னதே சரி.

மறுநாள் நீங்கள் கண்டது கெடுதல் அல்ல. டானி வகை பீப்பாயில் பல ஆண்டுகளில் அடையும் காற்றுப் பழக்கத்தின் தொடக்கத்தை, உங்கள் குடுவையில் ஒரே நாளில் கண்டிருக்கிறீர்கள். பழத்தின் முன்னணி குறைந்ததால் சாராயம் தெரிந்தது. இளம் வின்டேஜ் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். இந்த வயதில் இரண்டாம் நாளோடு முடித்துவிடுவதே முறை. அடுத்த முறை ஆட்கள் குறைவாக இருந்தால், இறுத்தவுடன் ஒரு சிறிய பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடமில்லாததால் அது அப்படியே இருக்கும்.

வாங்குவதைப் பொறுத்தவரை, பொதுவாக அறிவிக்கப்படாத நல்ல ஆண்டுகளில் நிறுவனங்கள் தம் சிறந்த தோட்டத்தின் பெயரிலேயே வின்டேஜ் வெளியிடுகின்றன. டெய்லர்ஸ் வார்ஜெல்லாஸ், கிரஹாம்ஸ் மால்வேடோஸ், டௌஸ் பொம்ஃபிம் ஆகிய பெயர்களைத் தேடிப் பாருங்கள். அவை சற்று விரைவாக முதிர்பவை. இருபது, இருபத்தைந்து வயதில் பழமும் மலரும் கூடிய அதே இயல்பைக் காட்டும், விலையோ பெரிய ஆண்டுகளைவிடக் கணிசமாகக் குறைவு. லேட் பாட்டில்ட் வின்டேஜ் என்ற வகை அறுவடைக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்குள் அடைக்கப்படுவது. அதில் வடிகட்டாதது என்று லேபிளில் குறித்திருப்பதை மட்டும் வாங்குங்கள். வடிகட்டியது பாட்டிலில் பெரிதாக வளர்வதில்லை. வார்ஜெல்லாஸ் ஒன்றோடு ஒரு 20 ஆண்டு டானியையும் ஒரே மாலையில் அருகருகே வைத்துச் சுவைத்தால், உங்கள் குடுவையில் முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே நடந்த மாற்றம் தெளிவாக விளங்கும். டானியைச் சற்றுக் குளிர்வித்து, அதை முதலில் ஊற்றுங்கள்.